மாரட்டின் கணக்கு

பிரெஞ்சுப் புரட்சியைப் பேசாத பகுத்தறிவு மேடை உண்டா? பாஸ்டிலி வீழ்ந்ததைச் சொல்வோம். மன்னனும் மதகுருவும் மண்ணைக் கவ்வியதைச் சொல்வோம். கேட்போர் உள்ளம் கிளர்ந்தெழும். ஆனால் மாரட் என்ற பெயர் வந்ததும் நம்மிலேயே சிலர் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றனர். வேறு சிலரோ உரக்க வாழ்த்துகின்றனர். வாழ்த்துவதா, வைவதா? இரண்டுக்கும் முன்பு, அவன் வாழ்வை எடைபோட்டுப் பார்ப்பது நமது கடமை.

ஜான் பால் மாரட், 1743இல் பிறந்தவன், மருத்துவன். மன்னனின் தம்பியுடைய காவற்படைக்கு மருத்துவம் பார்த்து வளமாக வாழ்ந்தவன். அப்படிப்பட்டவன் 1780இல், குற்றவியல் சட்டம் குறித்து ஒரு நூல் எழுதினான். பசித்தவன் திருடினால் அவனைத் தண்டிக்கும் உரிமை, அவனுக்குச் சோறளிக்காத சமுதாயத்துக்கு ஏது என்று அதிலே வாதாடினான். அரண்மனை நிழலில் நின்றபடி ஏழைக்காக வழக்காடிய அந்த மருத்துவனை எண்ணினால் நம் நெஞ்சம் நெகிழ்கிறது.

1789 செப்டம்பரில் ஏடு தொடங்கினான். 'மக்களின் நண்பன்' என்பது அதன் பெயர். நாளடைவில் அவன் பெயரும் அதுவேயாயிற்று. வரி கட்ட வக்கற்றவனுக்கு வாக்கில்லை என்று புரட்சிச் சபையே சட்டம் செய்தபோது, பழைய பிரபுக்களை இறக்கிவிட்டுப் பணக்காரப் பிரபுக்களை ஏற்றுகிறீர்களே என்று சீறினான். ஆட்சியாளர் தேடினர், நிலவறைகளில் ஒளிந்தான், அங்கிருந்தும் எழுதினான். தோல்நோய் உடலைத் தின்றது, பேனா ஓயவில்லை.

அதே பேனாதான் தலைகளையும் எண்ணத் தொடங்கிற்று. 1790 ஜூலையில் அவன் கேட்டவை 500, 600 தலைகள். அவை வீழ்ந்தால் அமைதியும் விடுதலையும் உறுதி என்றான். கேட்டது கிடைக்கவில்லை, எண் வளர்ந்தது. 1792 ஆகஸ்டில், அந்நியப் படை பிரான்சுக்குள் நுழைந்த வேளையில், சிறையிலிருக்கும் துரோகிகளை மக்களே சென்று முடித்துவிட வேண்டுமென்று எழுதினான். செப்டம்பர் 2 தொடங்கி ஐந்து நாட்கள், பாரிஸ் சிறைகளிலே வெட்டும் குத்தும்! மாண்டோர் ஆயிரத்துக்கு மேல். 3ஆம் நாளிட்ட சுற்றறிக்கை, பிற ஊர்களும் இவ்வழி நடக்க அழைத்தது. அதிலே மாரட்டின் கையொப்பமும் இருந்தது.

மாண்டோர் யாவர்? பிரபுக்கள் இருந்தனர், குருமார் இருந்தனர், மெய்தான். ஆனால் பெரும்பகுதியினர் அரசியல் இன்னதென்று அறியாத சில்லறைக் குற்றவாளிகள். பிசெத்ர் சிறையிலே சிறுவர்கள்! 1780இல் எந்தப் பசித்த திருடனுக்காக மாரட் வழக்காடினானோ, அந்தத் திருடனே 1792இல் வெட்டுண்டு கிடந்தான்.

"அவன் எழுதத்தானே செய்தான், கத்தியேந்தவில்லையே!" என்பர் தோழர் சிலர். எழுத்துக்கு வலிவுண்டு என்று நம்பித்தானே நாம் ஏடு நடத்துகிறோம்? நல்லது நடந்தால் எழுத்தின் வெற்றி, குருதி கொட்டினால் கும்பலின் குற்றம் என்பது, மழை பெய்தால் ஆண்டவன் அருள், பொய்த்தால் மக்கள் செய்த பாவம் என்னும் வைதீகர் வாதமல்லவா! மன்னராட்சி செய்த கொலைகள் கொஞ்சமா என்றும் கேட்பர். கொஞ்சமல்ல, பட்டினியால் மடிந்தோரை எந்த ஏடும் எண்ணவில்லை. மாரட்டின் சினம் நியாயமானதே. ஆயினும் பிசெத்ர் சிறுவன் அந்தக் கணக்கிலே கடன்பட்டவனல்லவே!

அந்தக் கணக்கை அவனிடமே கற்றவள் போல வந்தாள், சார்லோட் கார்டே என்னும் 24 வயது நங்கை. 1793 ஜூலை 13. நோயின் எரிச்சல் தணியக் குளியல் தொட்டியில் அமர்ந்திருந்தவன் மார்பிலே கத்தியைப் பாய்ச்சினாள். ஒரு லட்சம் பேரைக் காக்க ஒருவனைக் கொன்றதாக நீதிமன்றத்தில் சொன்னாள். 500 பேர் செத்தால் நாடு பிழைக்கும் என்றான் அவன். ஒருவன் போதும் என்றாள் அவள். சிக்கனக்காரி! விடையோ இருவருக்கும் பொய்த்தது. அதன் பிறகுதான் கில்லட்டின் ஓயாது உழைத்தது.

பின்னர் நடந்தது நமக்கு மேலும் வேதனை தருவது. மாதா கோயில்களில் சிலுவையை அகற்றியவர்கள், அந்த இடத்திலே மாரட்டின் சிலையை வைத்தனர். அவன் இதயத்தைத் தாழியிலிட்டுக் கழகக் கூடத்தின் கூரையிலே தொங்கவிட்டனர். 1794 செப்டம்பரில் பாந்தியன் மண்டபத்தில் உடலைச் சேர்த்தனர். 1795 பிப்ரவரியில் வெளியேற்றினர். சிலைகள் சாக்கடைக்குப் போயின.

அவன் நண்பன், ஓவியன் டேவிட் தீட்டிய படம் இன்று பிரசெல்ஸ் நகரில் இருக்கிறது. உடலிலே நோயின் தடமே இல்லை. பக்கத்துப் பெட்டியின்மீது, தந்தையை இழந்த ஐந்து குழந்தைகளின் தாய்க்கென்று ஒரு பணத்தாள். அப்படியும் ஒரு மாரட் இருந்தான், நாம் மறுக்கவில்லை. 1792 ஆகஸ்டு மாதத்து ஏட்டை மட்டும் ஓவியன் அந்தப் பெட்டியின்மீது வைக்கவில்லை.