நாலாவது ஆள்

2020 ஊரடங்கில் லேப்டாப்போடு கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி பப்ஜி. எங்கள் நால்வர் அணியில் ஒருவன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் இருந்தான். கல்லூரியில் என் அறைத்தோழன். அவன் வீட்டில் சிக்னல் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் ரெண்டு பாயிண்ட் வரும். தினமும் டார்ச் அடித்துக்கொண்டு ஏறுவான். எதுக்குடா இவ்வளவு கஷ்டம் என்று கேட்டேன். "நான் வரலைன்னா என் இடத்துல எவனோ ஒருத்தன் வந்துருவான்டா" என்றான்.

ஒருவரைத் திரும்பத் திரும்ப வரவைப்பதற்கு எங்கள் தொழிலில் 'ரிடென்ஷன்' என்று பெயர். தினம் வந்தால் பரிசு. ஒருநாள் விட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். எல்லாம் இழப்பு பயத்தில் ஓடுபவை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவனைப் பாறையில் ஏற்றியது அதுவல்ல.

பப்ஜியில் குண்டடிபட்டவுடன் செத்துவிட மாட்டோம், ஊர்ந்துகொண்டிருப்போம். கூட்டாளி ஒருவன் பக்கத்தில் வந்து, சுடாமல் சில நொடிகள் அசையாமல் இருந்தால்தான் எழ முடியும். அந்த நேரத்தில் அவனைச் சுடுவது சுலபம். தெரிந்தும் வருவான். பலமுறை ரெண்டு பேருமே செத்திருக்கோம். இப்படி ஒருவருக்கொருவர் தேவைப்படும்படி ஓர் இடத்தைக் கட்டியவர்களும் பொறியாளர்கள்தான். அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் போனது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள முடிந்தது. என் லெவல் வந்தது, ஸ்கின்கள் வந்தன. அவன் வரவில்லை, திருப்பூரில் நைட் ஷிஃப்ட். மூன்றே நாளில் அழித்துவிட்டேன். நான் விசுவாசமாக இருந்தது ஆட்டத்துக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஒரு நிறுவனத்தில், ஒரு வாரம் வராதவர்களுக்கு "உங்கள் நண்பர் காத்திருக்கிறார்" என்று அறிவிப்பு போகும்படி நானே கோட் எழுதினேன். யாரும் காத்திருக்கவில்லை. எண்கள் ஏறின, பாராட்டும் கிடைத்தது. பரிசு காட்டி இழுப்பது கடைக்காரத் தந்திரம், அதை மன்னிக்கலாம். பாறையில் ஏறியவனின் குரலைக் களவாடி விற்பது வேறு. அந்த வரியை எடுக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

இப்போது கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: நண்பன் காத்திருக்கிறான் என்று எழுதணும்னா, எங்கோ ஒருத்தன் நிஜமாவே காத்திருக்கணும்.