இறங்கி வந்து உட்காருதல்



நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சாவடி இருக்கிறது. வழிப்போக்கன் சாவடித் திண்ணையில் இளைப்பாறுவான். விடிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். திண்ணை தனக்கே சொந்தமென்று அவன் வழக்காடுவதில்லை. பதவி விஷயத்தில் மட்டும் நமக்கு அந்தப் புத்தி வருவதில்லை. ஒரு சபைக்குத் தலைவராயிருந்தவர், தவணை முடிந்த பின் அதே சபையில் சாதாரண அங்கத்தினராக வந்து உட்காருவது எத்தனை பங்குகளில் நடக்கிறது? "தலைவனாயிருந்தவன் இனிமேல் பாய் விரிப்பதா?" என்று மனம் முணுமுணுக்கிறது. அது மானமா, ஆங்காரமா?

இராஜாஜியை எண்ணிப் பாருங்கள். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அவர் கவர்னர் ஜெனரல். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. பிரதம மந்திரி நேருவுக்கும் மேலான ஸ்தானம் அது. குடியரசு பிறந்ததும் அந்தப் பதவியே இல்லாமற் போயிற்று. அதே வருஷத்தில் அவர் நேருவின் மந்திரி சபையில் இலாகா இல்லாத மந்திரியாகப் போய் உட்கார்ந்தார். டிசம்பரில் படேல் காலமானபின் உள்நாட்டு இலாகாவை ஏற்றார். 1952 ஏப்ரலில், தமது 73-வது வயதில், சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். கலெக்டராயிருந்தவர் தாசில்தாராக வந்ததுபோலத்தான்!

அமெரிக்காவிலும் ஒருவர் இப்படிச் செய்தார். 6-வது ஜனாதிபதியான ஜான் குவின்சி ஆடம்ஸ் 1828 தேர்தலில் தோற்றார். அவருடைய தகப்பனாரும் ஜனாதிபதியாயிருந்தவரே. அத்தனை பெரிய வீட்டுப் பிள்ளை, 1831 முதல் சாகும்வரை கீழ்ச்சபையில் ஒரு சாதாரண அங்கத்தினராயிருந்தார். அடிமைத்தனத்துக்கு விரோதமான மனுக்களைச் சபையில் எடுக்கவே கூடாதென்று 1836-ல் விதி செய்தார்கள். சலிக்காமல் அதோடு போராடினார். 1844-ல் விதி நீங்கியது. 1848-ல் தம் ஆசனத்திலேயே சாய்ந்து, இரண்டாம் நாள் அதே கட்டடத்தில் உயிர் விட்டார். ஜனாதிபதியாயிருந்த நாலு வருஷத்தைவிட இந்தக் கீழ் ஆசனத்தில்தான் அவர் அதிக நன்மை செய்தார் என்பது என் எண்ணம்.

ஆனால் இறங்கி வந்தவரெல்லாம் தாழ்ச்சியுள்ளவர் என்று சொல்லிவிட முடியாது. இராஜாஜி ஜனங்களின் வாக்குக் கேட்டு வரவில்லை. கவர்னரின் நியமனத்தால் மேற்சபை வழியாக வந்தார். 1953-ல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு அரைநாள் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். கட்சியாரைக்கூட முன்னதாகக் கலந்து பேசவில்லை. சலவைத் தொழிலாளியின் மகன் சலவையே செய்யவேண்டுமா என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் அவர் விலக, பின்வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். ஆசனத்தை விட்டு இறங்குவது கஷ்டம். தன் அபிப்பிராயத்தை விட்டு இறங்குவது அதைவிடக் கஷ்டம். விருந்தில் கடைசி இடத்தில் போய் உட்காரச் சொன்ன நம் ஆண்டவர் இவ்விரண்டையுமே கேட்கிறார் என்று நினைக்கிறேன். கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டே பந்தி முழுவதையும் அதட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதை எழுதுகிறவன் யோக்கியன் என்று எண்ணவேண்டாம். நானும் ஒரு சபையில் சில வருஷம் காரியதரிசியாயிருந்தேன். வேறொருவரைத் தெரிந்தெடுத்ததும், முழங்கால் வலியென்று சொல்லி நின்றுவிட்டேன். அதே முழங்காலோடு கலியாணங்களுக்குப் போனேன்; கரையான்சாவடி நிறுத்தத்தில் முண்டியடித்து பஸ்ஸில் இடமும் பிடித்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கூச்சத்தோடு கூட்டத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்தேன். என்னைவிட மிக இளையவரான புதுக் காரியதரிசி வருகைப் புத்தகத்தை நீட்டினார். ஒவ்வொரு வாரமும் என் பெயரை எழுதி, எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.