ஏழாம் மாதத்தில் பிறந்த இரட்டையர்: பெயர் வைக்கக் காத்திருக்க வேண்டுமா?

 

ஸூரத்துர் ரஃதின் 8வது வசனத்தில், ஒவ்வொரு பெண்ணும் எதைச் சுமக்கிறாள் என்பதையும், கர்ப்பப்பைகள் எதைக் குறைக்கின்றன, எதைக் கூட்டுகின்றன என்பதையும் தான் அறிவதாக அல்லாஹ் சொல்கிறான். ஒவ்வொன்றுக்கும் அவனிடத்தில் ஓர் அளவு உண்டு என்று அந்த வசனம் முடிகிறது. இங்கே "குறைத்தல்" என்பதற்கு, மாதம் நிறைவதற்கு முன்பே குழந்தை பிறப்பதும் ஒரு பொருள் என்று முஃபஸ்ஸிரீன்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் குறைமாதம் என்று சொல்வது நம் நாள்காட்டியை வைத்துத்தான். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் மருத்துவர்கள் குறைப்பிரசவம் என்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்தில் ஒன்று. இரட்டைக் குழந்தைகள் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே இது எங்கோ யாருக்கோ நடக்கும் சங்கதி அல்ல. உங்கள் தெருவிலேயே நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

அண்மையில் ஒரு பெரியவர் தொழுகைக்குப் பிறகு தனியாக வந்து நின்றார். மகளுக்கு 29வது வாரத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ஒரு கிலோவுக்குச் சற்று மேல், மற்றது ஒரு கிலோ கூட இல்லை. இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவர் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், பேர் வச்சிடலாமா? இல்ல, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?" சொந்தக்காரர்களுக்குப் பிள்ளை பிறந்த செய்தியே சொல்லவில்லையாம். தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளைப் பாட்டியம்மா மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டாராம்.

இதைக் கேட்டு, "என்ன ஈமான் இது, தவக்குல் இல்லையா" என்று சொல்லிவிடாதீர்கள். அது ஈமான் குறைவு அல்ல, பயம். பெயர் வைத்துவிட்டால் பிள்ளை நம்முடையதாகிவிடும், பிறகு போய்விட்டால் தாங்க முடியாது என்று மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கேள்வி நம் மனதைப் பற்றியது மட்டும் அல்லவே. பெட்டிக்குள் படுத்திருக்கும் அந்த இருவருக்கும் நம்மிடம் ஏதாவது உரிமை இருக்கிறதா? பிழைப்பது உறுதியான பிறகுதான் அந்த உரிமை தொடங்குகிறதா?

மார்க்கச் சட்டம் இதற்கு எப்பொழுதோ பதில் சொல்லிவிட்டது. ஸூரத்துல் அஹ்காஃபின் 15வது வசனம், பிள்ளையைச் சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்த்து முப்பது மாதம் என்கிறது. ஸூரத்து லுக்மானின் 14வது வசனம், பால்குடி மறப்பது இரண்டு ஆண்டில் என்கிறது. முப்பதிலிருந்து இருபத்து நான்கைக் கழித்தால் ஆறு. திருமணமாகி ஆறே மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்மீது பழி விழுந்தபோது, இந்த இரண்டு வசனங்களையும் இணைத்து, ஆறு மாதத்திலும் முறையான பிள்ளை பிறக்க முடியும் என்று அலீ (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அது உமர் (ரலி) காலத்தில் நடந்ததாகவும் உஸ்மான் (ரலி) காலத்தில் நடந்ததாகவும் இரு விதமாக அறிவிக்கப்படுகிறது. எந்தக் காலமாக இருந்தாலும் கவனியுங்கள்: இன்குபேட்டர் என்ற சொல்லே இல்லாத காலத்தில், குறைமாதப் பிள்ளைக்கு வம்சமும் அதன் தாய்க்குக் கண்ணியமும் குர்ஆனிலிருந்து நிலைநாட்டப்பட்டன.

வாரிசுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். உயிரோடு பிறந்து, ஒரு முறை அழுதுவிட்டு மறைந்துபோன குழந்தையும் வாரிசுதான். அதற்குப் பங்கு உண்டு, ஜனாஸா தொழுகை உண்டு. தகப்பன் இறந்தபோது பிள்ளை வயிற்றில் இருந்தால் அதற்காகப் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். அது இரட்டையாகவும் இருக்கலாமே என்று, எத்தனை பேரின் பங்கை ஒதுக்குவது என்பது வரை ஃபுகஹாக்கள் விவாதித்திருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைக்கே ஷரீஅத் இடம் போட்டு வைத்துக் காத்திருக்கிறது. பிறந்துவிட்ட பிள்ளையை நாம் அலமாரியின் அடியில் மடித்து வைக்கலாமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமுக்கு, பிறந்த அன்றிரவே தம் தந்தை இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரைச் சூட்டியதாக ஹதீஸில் வருகிறது. ஏழாம் நாளில் வைப்பதும் சுன்னத். அந்த இப்ராஹீம் பால்குடி மறக்கும் முன்பே வஃபாத்தானார். பெயர் வைத்ததால் துக்கம் கூடியது என்று யாரும் சொல்லவில்லை. நாயகம் (ஸல்) அழுதார்கள். அழுதுகொண்டே, ரப்புக்குப் பொருத்தமில்லாத ஒரு சொல்லும் வாயிலிருந்து வராமல் காத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சம்பவம் புகாரியில் இருக்கிறது. நபிகளாரின் மகள் ஒருவர், தம் பிள்ளை உயிர் பிரியும் நிலையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பொறுமையாக இருக்கும்படி நாயகம் (ஸல்) முதலில் பதில் அனுப்பினார்கள். மகள் விடவில்லை, வந்தே ஆக வேண்டும் என்று சத்தியமிட்டுச் சொல்லி அனுப்பினார். நாயகம் எழுந்து, தோழர்கள் சிலருடன் போனார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையை அவர்களிடம் கொடுத்தார்கள். கண்கள் கலங்கின. ஸஅத் (ரலி) வியப்போடு, இது என்ன என்று கேட்டபோது, இது அடியார்களின் உள்ளத்தில் அல்லாஹ் வைத்த கருணை என்று விளக்கினார்கள். பிழைக்குமா என்று பார்த்துவிட்டு அவர்கள் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "இன்னைக்கே வைங்க. ரெண்டு பேருக்கும் வைங்க. ஆஸ்பத்திரி அட்டையில 'முதல் குழந்தை, ரெண்டாவது குழந்தை'ன்னு இருக்கறதுக்குப் பதிலா, துஆவில பேரைச் சொல்லிக் கேளுங்க."

வரவேற்பது என்றால் பெயரோடு முடிவதில்லை. பாங்கு சொல்ல வேண்டுமா? செவிலியரிடம் கேட்டு, கையைக் கழுவிவிட்டு, பெட்டியின் சிறு கதவருகே மெல்லிய குரலில் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு உரத்த சத்தமே தொல்லை. சேனை வைக்கிறேன், தேன் தடவுகிறேன், ஜம்ஜம் ஒரு சொட்டு விடுகிறேன் என்று பெரியம்மாக்கள் கிளம்பினால் அன்போடு தடுத்துவிடுங்கள். அந்தக் குடல் இன்னும் முதிரவில்லை. நிறைமாதப் பிள்ளைக்கும் ஒரு வயது வரை தேன் ஆகாது. தஹ்னீக் சுன்னத்துதான்; ஆனால் தீங்கு செய்யாமல் இருப்பது கட்டாயம்.

இந்தத் தாயை நாம் படுத்தும் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நோன்பு வைத்ததால்தான்", "மாடிப்படி ஏறியதால்தான்", "அந்தக் கல்யாணத்துக்குப் போனதால்தான்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல குறைப்பிரசவங்களுக்கு மருத்துவர்களாலேயே காரணம் சொல்ல முடிவதில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது! அதோடு, "நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது" என்று அவளை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். நிஃபாஸ் உள்ள பெண்ணுக்குத் தொழுகை இல்லை, நோன்பு இல்லை. தன் பிள்ளையைப் பார்க்கப் போகக் கூடாது என்று எந்த மத்ஹபின் கிதாபிலும் இல்லை. துஆவும் திக்ரும் ஸலவாத்தும் அவளுக்குத் தாராளமாக உண்டு.

அவள் போவது வெறும் பாசத்துக்காகவும் அல்ல. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே என்பவர் பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அதைக் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. உடல்நிலை சீராகும் வரை காத்திராமல், எடை குறைந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இப்படித் தாயோடு வைத்தபோது, முதல் 28 நாள்களில் நேரும் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாயின் மார்புச் சூடு மருந்தாகிறது. அந்த மருந்தையா நாற்பது நாள் பூட்டி வைப்பது? இரட்டையர் என்றால் தகப்பனும் ஒரு பிள்ளையை ஏந்தலாம். மருத்துவமனைகள் இதை அனுமதிக்கின்றன. வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில இடங்களில் மார்க்கக் கேள்வி உண்மையாகவே எழும். நுரையீரல் விரியாத பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து சில கம்பெனிகளில் மாட்டின் நுரையீரலிலிருந்தும், சிலவற்றில் பன்றியின் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மாட்டிலிருந்து எடுத்தது கைவசம் இருந்தால் கேளுங்கள். இல்லை என்றால் தாமதிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். நிர்ப்பந்த நிலைக்கான அனுமதியைக் குர்ஆனே தந்திருக்கிறது. மூச்சுக்குத் திணறும் பிள்ளையை விடப் பெரிய நிர்ப்பந்தம் எது?

தாய்ப்பால் வங்கி பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. பால்குடி உறவால் திருமணத் தடை உண்டாகும். யாருடைய பால் என்று தெரியாமல் போனால் என்ன செய்வது? 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, பால் வங்கிகள் வேண்டாம் என்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஷைக் யூசுஃப் அல்-கர்ளாவி ஆகுமென்று ஃபத்வா கொடுத்திருந்தார். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்தால்தான் உறவு நிலைபெறும். ஹனஃபியில் சிறிதளவே போதும். இதில் என் எண்ணம், முதலில் சொந்தத் தாயின் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க முழு முயற்சி செய்யுங்கள். பால் வராத முதல் நாள்களில் அவளுக்குத் தேவை திட்டு அல்ல, ஓய்வும் ஆறுதலும். அதுவும் போதவில்லை என்றால், தெரிந்த ஒரு பெண் கொடுக்க முன்வந்தால், மருத்துவரின் சம்மதத்தோடு பெற்றுக்கொண்டு பெயரை எழுதி வையுங்கள். வங்கிப் பால்தான் வழி என்று மருத்துவர் சொன்னால், உங்கள் ஆலிமிடம் அன்றே கேளுங்கள். மஸ்அலா முடிவாகட்டும் என்று பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

இரட்டையர் வீட்டில் இன்னொரு சோதனை வரும். ஒரு பிள்ளை எடை கூடி வீட்டுக்கு வந்துவிடும்; மற்றது அங்கேயே இருக்கும். சில நேரம் ஒன்று வீட்டுக்கும் மற்றது கப்ருக்கும் போகும். அந்தத் தாயிடம் போய், "ஒன்றாவது இருக்கே, ஷுக்ர் செய்" என்று சொல்லாதீர்கள். ஷுக்ர் உண்மைதான், ஆனால் அது அவள் அல்லாஹ்விடம் சொல்ல வேண்டியது, நீங்கள் அவளிடம் கணக்குப் போட்டுக் காட்டுவதற்கல்ல. ஒரே வீட்டில், ஒரே மாலையில், அவள் ஒரு பிள்ளைக்காகச் சிரிக்கவும் மற்றொன்றுக்காக அழவும் செய்வாள். இரண்டும் இபாதத்தாக முடியும். அதேபோல, பிள்ளை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, "போனாலும் சுவனத்துக்கு இழுத்துப் போகும்" என்று ஆறுதல் சொல்ல ஓடாதீர்கள். அந்த ஹதீஸ் உண்மை. அதற்கான நேரம் வராமலே போகட்டும் என்று துஆ செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்க்க ஊரே திரண்டு போக வேண்டாம். இருமலோடு போகவே வேண்டாம். முத்தத்தைச் சில மாதம் கடனாக வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஒன்று: பிறந்து முப்பது நாளுக்குள் செய்ய வேண்டிய கண் பரிசோதனையை, வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். குறைமாதப் பிள்ளையின் விழித்திரைக் கோளாறு வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். "பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்காருதே, இது இன்னும் குப்புறக்கூட விழலையே" என்ற ஒப்பீடும் வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் வயதைப் பிறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

அகீகாவுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஏழாம் நாளில் முடியாவிட்டால் பிறகு கொடுக்கலாம். வசதியே இல்லை என்றால் குற்றமில்லை. தலையில் ஊசி ஏறியிருக்கும் பிள்ளைக்கு முடி இறக்குவதும் காத்திருக்கலாம். மஹல்லாவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், நான்கைந்து வீட்டார் முறை வைத்துச் சாப்பாடு அனுப்புங்கள், ஆட்டோவுக்குக் காசு கொடுங்கள், வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டு விடுங்கள்.

யா அல்லாஹ்! இந்த ஜும்ஆ நேரத்தில் எத்தனையோ ஊர்களில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உன் சின்னஞ்சிறு அடியார்கள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் நுரையீரலை விரித்துக் கொடுப்பாயாக. வராந்தாவில் காத்திருக்கும் தாய்மார்களின் உள்ளங்களில் அமைதியை இறக்குவாயாக. இரவு விழித்துப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நற்கூலி வழங்குவாயாக. ஆமீன்.