தாய்மை: இயல்பா, கடனா? – முத்திரை மரபணுக்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தாயன்பு தானே பெருகும் ஊற்று என்பது பொதுநம்பிக்கை. 'பெற்ற மனம் பித்து' என்னும் பழமொழியும் அதனையே உரைக்கின்றது. இந்நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. மகவீன்றபின் உளச்சோர்வுற்று, குழந்தையின்பால் மனம் ஒட்டாது தவிக்கும் பெண்ணை 'இவளும் ஒரு தாயா?' என்று உலகம் பழிக்கின்றது. தாயன்பை மாறா இயல்பு எனக் கொண்டதனாலேயே இப்பழி எழுகின்றது. தாய்மையை இயற்கையின் ஆணை எனக் கொள்வது பொருந்துமா என்பதை, பாலூட்டிகளின் முத்திரை மரபணுக்கள் பற்றிய ஆய்வுமுடிவுகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கருவறையில் இரு குரல்கள்

பெரும்பாலான மரபணுக்களில் தாய்வழிப் பிரதி, தந்தைவழிப் பிரதி ஆகிய இரண்டும் செயற்படும். சிலவற்றில் மட்டும், முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இடப்படும் வேதிக்குறியின் விளைவாக ஒரு பிரதி அடங்கிவிடுகின்றது. இவையே முத்திரை மரபணுக்கள் எனப்படுகின்றன. தாயின் மரபுத்தொகுதியை மட்டும் இரட்டையாகப் பெற்ற சுண்டெலிக் கருவும், தந்தையின் தொகுதியை மட்டும் இரட்டையாகப் பெற்ற கருவும் முழுவளர்ச்சி எய்தா என்பதை, 1984இல் கேம்பிரிட்ஜிலும் பிலடெல்பியாவிலும் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின.

வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணு, சுண்டெலிக் கருவில் தந்தைவழிப் பிரதியாலேயே பெரிதும் செயற்படுவது 1991இல் அறியப்பட்டது. அப்பிரதி பழுதுற்றால் குட்டி இயல்பான எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடே பெறும். அம்மரபணு ஆக்கும் வளர்ச்சிக் காரணியைப் பற்றி அழிக்கும் ஏற்பியின் மரபணுவோ தாய்வழிப் பிரதியால் செயற்படுகின்றது. அது பழுதுற்றால் குட்டி பருத்துவிடும்.

தாய்க்கு அவள் ஈனும் மக்கள் அனைவரும் ஒருநிகர் உறவினர். அவர்தம் தந்தையரோ வேறுபடலாம். ஆதலின், இக்கருவுக்கே மிகுதியாகக் கேட்பனவாகத் தந்தைவழி மரபணுக்களும், பின்வரும் மக்களுக்கும் எஞ்சுமாறு அளந்து கொடுப்பனவாகத் தாய்வழி மரபணுக்களும் அமைந்தன என்பது டேவிட் ஹெய்க் முன்வைத்த விளக்கமாகும். 'கேட்டல்', 'கொடுத்தல்' என்பன உருவகங்களே; மரபணுவுக்கு நோக்கம் இல்லை. எனினும் ஒன்று தெளிவாகின்றது. அளவின்றி ஈதலே தாயின் இயற்கை என்பார்க்கு இயற்கை ஒருமுகமாகச் சான்று பகரவில்லை.

தாய்மைக்கெனத் தனி மரபணு உண்டா?

பெக்3 என்னும் மரபணு பழுதுற்ற தாய்ச்சுண்டெலிகள் கூடுகட்டுவதிலும், சிதறிய குட்டிகளைத் திரட்டுவதிலும், பாலூட்டுவதிலும் பின்தங்கின என்று 1999இல் வெளிவந்த ஆய்வு உரைத்தது. இம்மரபணுவும் தந்தைவழிப் பிரதியாலேயே செயற்படுவது. அங்ஙனமாயின், தாய்மைக்குத் துணையாகும் கருவி ஒன்றைப் பெண் தன் தந்தையிடமிருந்தே பெறுகின்றாள் எனலாம். ஆனால், அதே மரபணுவை வேறுவகையில் பழுதாக்கி ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, தாய்மை நடத்தையில் குறை எதனையும் காணவில்லை. ஒரு மரபணுவைச் சுட்டி 'இதுவே தாயன்பு' என்று முடிவுகட்டல் இயலாது என்பதையே இம்முரண் உணர்த்துகின்றது.

தாயன்பு வேதிவினையின் விளைவாயின் அதன் மதிப்புக் குறையாதா என்னும் வினா எழலாம். செயலின் காரணம் வேறு, அதன் மதிப்பு வேறு. சுரந்த பால் வெளிப்பட ஆக்சிடோசின் வேண்டும். நள்ளிரவில் களைப்போடு எழுந்தவளின் அருமையை அது அளப்பதில்லை. மேலும், மனம் ஒட்டாதபோதும் குழந்தையைப் பேணும் பெண், இயற்கையின் துணையின்றியே தன் பொறுப்பை ஆற்றுகின்றாள். உலகம் பழிக்கும் அவளே அறத்தால் குறைந்தவள் அல்லள் என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், பெற்று வளர்த்தலைத் தாயின் இயல்பு என்னாது கடன் என்றே குறிப்பது ஈண்டு நினையத்தக்கது. தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களையும் அப்பாடல் வகுக்கின்றது. போர்ச்சமூகத்தின் பாடலாதலின் அது வகுத்த கடன்களை இன்று அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு மகவின் வளர்ச்சி பலர்மேல் நிற்பது என்னும் அதன் உணர்வு கொள்ளத்தக்கது. தாய்மையை இயல்பு என்று மட்டும் கொண்டால் தளர்ந்தவள் குறையுடையவள் ஆகின்றாள். கடன் என்று கொண்டால், அவளால் சுமக்க இயலாதபோது அதனைப் பகிர்ந்துகொள்வது கணவனுக்கும் சுற்றத்துக்கும் சமூகத்துக்கும் கடனாகின்றது.