மேட்டில் ஒரு வீடு

2021 டிசம்பர் வெள்ளத்தில், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் தண்ணீர் படிக்கட்டின் பாதிவரை ஏறியது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுதான்: "எங்கயாச்சும் மேடா பார்த்து வீடு வாங்குப்பா."

போன மாதம் உலு கிள்ளாங் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். குன்றின் சரிவில் இருந்தது. பத்து நிமிடம் நடந்தால் காட்டுப்பாதை. ஞாயிறு தவறாமல் மலையேறும் எனக்கு வேறென்ன வேண்டும்? அம்மா பால்கனியில் நின்று கீழே பார்த்துவிட்டு, "இங்க தண்ணி வராது" என்று சிரித்தார்.

நான் சிவில் பொறியாளர். பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பார்த்தேன். நீர் வடியும் துளைகளில் பாதி அடைத்துக் கிடந்தன. சரிவின் பாதுகாப்புக் காரணி 1.5 என்றால், மண்ணைச் சரியவைக்கும் விசையைவிடத் தாங்கும் வலு ஒன்றரை மடங்கு என்று பொருள். மண்ணுக்குள் தண்ணீர் நாம் கணக்கிட்ட அளவுக்குள் இருக்கும்வரைதான் அந்த ஒன்றரை. துளை அடைத்துக்கொண்டால் அது காகிதத்தில் மட்டும்தான் நிற்கும்.

இதே வட்டாரத்தில்தான் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸின் மூன்று கட்டடங்களில் ஒன்று சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். பின்னால் மரம் அழிக்கப்பட்ட குன்று, ஒழுங்காக வடியாத தண்ணீர், உடைந்த தடுப்புச் சுவர்கள், பல நாள் மழை. அங்கே குடியிருந்தவர்களா குன்றை அப்படி ஆக்கினார்கள்?

திரும்பும் வழியில் காரில் நான் வாயே திறக்கவில்லை. நண்பனிடம் சொன்னபோது, "எங்க போனாலும் ஏதாவது இருக்கும்டா. ரோட்டுல சாகுறவங்கதான் அதிகம்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. மலையில் வழுக்கி விழுந்தால் உடையப்போவது என் கால். அந்த அபாயத்தைத் தெரிந்தேதான் ஏற்கிறேன். ஆனால் இந்த வீட்டுக்கு அம்மா சொன்ன சம்மதம், அந்தத் துளைகளைப் பற்றித் தெரியாமல் சொன்ன சம்மதம். நான் பேசாமல் இருந்தால், அவருடைய வெள்ள பயத்துக்குப் பின்னால் என் மலை ஆசை ஒளிந்துகொள்கிறது. அபாயம் எவ்வளவு என்பதை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது யாருடையது, அவருக்கு அது தெரியுமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவே இல்லை.

இரவு சாப்பிட்டதும் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பள்ளத்துல இருந்தா தண்ணி, மேட்டுக்குப் போனா மண்ணு. காசு இல்லாதவங்க எங்கதான்யா இருக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. ஸ்ரீ மூடாவையும் நாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் கைக்கு எட்டிய வாடகைதான் தேர்ந்தெடுத்தது.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர் நின்றார். "அந்த வீட்ட வேற யாராச்சும் வாங்குவாங்கல்ல? அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

துளைகளின் படத்தோடு வீட்டு முகவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். படித்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை. வீட்டு விளம்பரம் மட்டும் அப்படியே இருக்கிறது.