தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனவன்

டிசம்பரில் கும்மிடிப்பூண்டியிலிருந்து மயிலாப்பூருக்குக் கச்சேரி கேட்கப் போகிறேன் என்றால் சிப்காட்டில் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். "சும்மா சொல்லாத, சபா கேன்டீன்ல காபி குடிக்கத்தானே போற?" பாதி உண்மைதான். நைட் ஷிப்ட் முடித்துக் குளித்து, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ரயிலில் தூங்கி வழிந்து, மூர் மார்க்கெட்டில் இறங்கி பஸ் பிடித்தால் மதியக் கச்சேரிக்குச் சரியாக இருக்கும். இளம் கலைஞர்களின் மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. காபிக்குத்தான் காசு.

அன்று சின்ன ஹால். எண்ணிப் பார்த்தேன், என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். பாடிய பெண் முக்கிய உருப்படியை முடித்துவிட்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். தனி ஆவர்த்தனம். நான் எழுந்தேன். அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். வாசித்தபடியே என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை, கணக்கெடுப்பது போல ஒரு பார்வை. பத்து.

காபி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் அவனுக்கு ஏதாவது கடன்பட்டிருந்தேனா? கேன்டீனில் நண்பனிடம் கேட்டேன். "கல்யாணத்துல நாயனம் வாசிக்கிறப்போ யாருடா வாயை மூடிக்கிட்டு கேக்குறா?" என்றான். நல்ல கேள்வி. கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசிப்பார்கள். ஜனம் வரும், போகும், பிள்ளைக்குப் பலூன் வாங்கும். யாரும் அதை அவமரியாதை என்று நினைத்ததில்லை. இரண்டு மூன்று மணி நேரம் வரிசையாக உட்கார்ந்து கேட்பது சபாவோடு வந்த பழக்கம். இன்றைய கச்சேரி வடிவமே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில், போன நூற்றாண்டின் முற்பகுதியில் உறுதிப்பட்டதுதான். அப்படியிருக்க, அசையாமல் உட்கார்வதை அறம் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. என் தாத்தா காபி கிளப்புக்குள் கால் வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை. 1957-இல்கூட திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி திராவிடர் கழகம் நாள்தோறும் மறியல் செய்ய வேண்டியிருந்தது. ஆக, உள்ளே வந்து உட்கார்வதும், பிடிக்காவிட்டால் எழுந்து போவதும் யாரோ அடிபட்டு எனக்கு வாங்கித் தந்தவை. அதை ஒரு பையனின் பார்வைக்காக விட்டுக்கொடுப்பதா?

இப்படி வாதாடி ஜெயித்துவிடலாம். நானும் ரயிலில் திருவொற்றியூர் தாண்டும்வரை ஜெயித்துக்கொண்டுதான் வந்தேன்.

அமெரிக்காவில் சாரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் கஃபே லீனா என்றொரு காபிக் கடை இருக்கிறது. லீனா ஸ்பென்சரும் அவர் கணவர் பில்லும் 1960-இல் தொடங்கியது. மாடியில் ஒரு சின்ன அறை, நாட்டுப்புறப் பாடகர்கள் வந்து பாடுவார்கள். யாரென்றே தெரியாத பாப் டிலன் 1961-இல் அங்கே பாடியபோது கூட்டம் பேசிக்கொண்டே இருந்ததாம். பில் எழுந்து வந்தவர்களைக் கண்டித்தாராம். டிலன் பின்னால் பெரிய ஆளானதால் இந்தக் கதை சொல்லப்படுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய ஆளாகாத எத்தனையோ பேர் அதே அறையில் பாடியிருப்பார்கள். அன்றைய பேச்சு அவர்கள் விஷயத்தில் மட்டும் நியாயமாகிவிடுமா?

அறை சின்னது என்பதுதான் விஷயம் என்று தோன்றுகிறது. திருவிழாவில் நான் நகர்ந்தால் ஒன்றும் குறையாது. பதினோரு பேரில் ஒருவன் நகர்ந்தால் குறையும். காசு கொடுத்திருந்தால் அதையாவது கொடுத்தேன் என்று சொல்லலாம். இலவசக் கச்சேரியில் என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது உட்கார்ந்திருப்பது மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. ஒரு மிருதங்கத்தில் ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் உண்டு. அந்தத் தோலைப் பதமாக்கி இழுத்துக் கட்டுகிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். முழுக் கச்சேரியில் அந்தக் கைகளின் வேலை தனியாகக் கேட்கிற நேரம் இந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் எழுந்து போனது சரியாக அந்த நேரத்தில்.

நாளெல்லாம் ரோலிங் மில் சத்தம் கேட்கிற காதுக்கு இன்னொரு தட்டல் வேண்டாம் என்று இருந்ததும் நிஜம். களைத்தவனுக்குக் கேட்கும் கடமை உண்டா என்பதற்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அடுத்த வாரமும் போனேன். வேறு சபா, வேறு பாடகர், ஒரு பெண் கடம் வாசித்தார். தனி தொடங்கியதும் முன்வரிசையிலேயே நாலு பேர் எழுந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். தாளம் போட ஆரம்பித்து ஆறாவது ஆவர்த்தனத்திலேயே தவறிவிட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காபி வாசனை உள்ளே வந்தது.