தண்ணீர் போக ஒரு வழி

இரவெல்லாம் நல்ல மழை. விர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலையில், அப்பலாச்சியன் பாதையின் ஒரு துண்டில் இன்று மண்வெட்டியோடு நிற்கிறேன். இங்கே பாதைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கட்டையோ கல்லோ பதித்திருப்பார்கள். மேலிருந்து ஓடிவரும் தண்ணீரை அது சரிவுப் பக்கம் தள்ளிவிடும். இலை உதிரும் மாதங்களில் சருகும் வண்டலும் சேர்ந்து அதை மூடிவிடும். அப்புறம் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். மண் போய், வேரும் கல்லும் மிஞ்சும். அடைப்பை வாரி வழி திறப்பதுதான் என் வேலை. வயலுக்கு மடை திருப்பியவருக்கு இந்த வேலையைச் சொல்லித்தர வேண்டாம். அங்கே தண்ணீரை வா என்போம், இங்கே போ என்கிறோம்.

சரியாகச் செய்திருந்தால் நடப்பவர் கண்ணில் எதுவுமே படாது.

*

இந்த நடைபாதை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை அமெரிக்காவின் 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நிலம் பெரும்பாலும் அரசுடையது. பராமரிப்பதில் பெரும்பங்கு, சம்பளமில்லாமல் உழைக்கும் நடைச் சங்கத்தாருடையது. சங்கத்துக்கு ஒரு நீளம், அதற்குள் ஆளுக்கு ஒரு துண்டு. பட்டா கிடையாது, வேலி கிடையாது. இருந்தும் எல்லோரும் ‘என் துண்டு’ என்றுதான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் காதில் உறுத்தியது. இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

*

1921-இல் பென்டன் மெக்கை என்பவர் ஒரு கட்டுரையில் இந்தப் பாதையைக் கனவு கண்டார். மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மலை மலையாக நடந்தார், ஆள் திரட்டினார். 1937-இல் பாதை முழுமையடைந்தது. அதற்குள் இருவருக்கும் பேச்சு முறிந்திருந்தது. மலைமுகட்டில் கார்ச்சாலை வரலாமா என்பதில் வந்த சண்டை அது. சாலை வேண்டாம் என்ற மெக்கை சொன்னதுதான் நியாயம் என்று படுகிறது. இருந்தும் மண்வெட்டி கையில் இருக்கும்போது மனம் ஏவரி பக்கமே போகிறது.

*

காப்புவனம் என்று சட்டம் வரையறுத்த பகுதிகளில் பொதுவாக மோட்டார் ரம்பம் கூடாது. விழுந்த பெரிய மரத்தை இருவர் நின்று நீள ரம்பத்தால் அறுப்போம். இழுக்கலாம், தள்ளக் கூடாது, தள்ளினால் அலகு வளைந்து சிக்கிக்கொள்ளும். நம் முறை முடிந்ததும் பிடியைத் தளர்த்தி, எதிரே இருப்பவரை இழுக்க விட வேண்டும். உதவுகிறேன் என்று கூடவே தள்ளுகிற கையை அடக்குவதுதான் பெரும்பாடு.

*

பாதை முழுமையடைந்த மறு ஆண்டே, 1938-இல், ஒரு புயல் வடக்கே அதை அறுத்துப்போட்டது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்கே மரங்களைச் சாய்த்தது, பாலங்களைக் கொண்டுபோனது. இரண்டு முறையும் சங்கத்தார் திரும்ப ஏறினார்கள்.

இடைப்பட்ட காலத்தில் பாதையின் பெரும்பகுதி இடமே மாறிவிட்டது. மண் அரிக்காத சரிவாகப் பார்த்துப் பார்த்து நகர்த்தியிருக்கிறார்கள். கைவிட்ட பழைய தடத்தை அப்படியே விட்டால் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அதனால் காய்ந்த கிளைகளை இழுத்துவந்து அதன்மேல் போடுகிறோம், காடு ஏறட்டும் என்று. எனக்குப் பிடித்த வேலை இதுதான். யாரோ 1930-களில் வியர்வை சிந்தி வெட்டிய தடம் அது.